‘நீதி என்ன?’ என்று கேட்காமல் ஒரு கதையை வகுப்பில் பேசவைப்பது எப்படி

நல்ல கதை ஒன்றை வாசித்து முடித்த கையோடு “இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். பொய் சொல்லக் கூடாது, ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்று நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில் சொல்வார்கள். ஆசிரியர் எதை எதிர்பார்க்கிறார் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்லிவிட்டால் தங்கள் வேலை முடிந்தது என்று இருந்துவிடுவார்கள். கதையைப் பற்றி யாரும் எதுவும் பேசியிருக்க மாட்டார்கள்.

இங்கே சொல்லும் முறை ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்கானது. ஒரு படக்கதைப் புத்தகமும் 40 நிமிடப் பாடவேளையும் இருந்தால் போதும்.

புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க

கடைசிப் பக்கத்தில் நீதியை அச்சடித்திருக்கும் புத்தகத்தை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். பதிலைப் புத்தகமே சொல்லிவிட்டால் பிள்ளைகள் பேச என்ன மிச்சம் இருக்கும்? சரியா தவறா என்று சட்டென்று சொல்ல முடியாத காரியத்தைக் கதையில் யாராவது செய்ய வேண்டும். இல்லையென்றால், எழுத்து ஒன்று சொல்ல, படம் வேறொன்று சொல்ல வேண்டும். முதலில் நீங்கள் தனியாக வாசியுங்கள். வாசிக்கும்போது உங்களுக்கே ஒரு கேள்வியும் எழவில்லை என்றால் வேறு புத்தகம் பாருங்கள்.

வாய்விட்டு வாசிக்க 10 நிமிடத்துக்கு மேல் ஆகும் புத்தகம் வேண்டாம். பேச நேரம் இருக்காது. நீங்கள் வாசித்துக் காட்டும் புத்தகம் பிள்ளைகள் தாமாக வாசிக்கும் நிலையைவிடக் கொஞ்சம் கடினமாக இருக்கலாம். உங்கள் குரலும் படமும் கைகொடுக்கும். தனியாக வாசிக்கப் புத்தகம் எடுக்கும் பிள்ளைக்கு விரல் கணக்கைச் சொல்லிக்கொடுங்கள்: ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்க வேண்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்தும் மடங்கிவிட்டால் இப்போதைக்கு அது கடினம். இது கைக்கணக்குதான். அந்தப் புத்தகத்தின் மேல் பிள்ளைக்கு ஆசை இருந்தால் தடுக்காதீர்கள்.

முந்தைய நாள்

ஒருமுறை சத்தமாக வாசித்துப் பாருங்கள். நாக்கு தடுமாறும் இடமெல்லாம் அப்போதுதான் தெரியும். நிறுத்திப் பேச வேண்டிய மூன்று இடங்களில் சிறு காகிதத் துண்டை ஒட்டி, கேட்கப்போகும் கேள்வியை அதிலேயே எழுதிவையுங்கள். மூன்றுக்கு மேல் நிறுத்தினால் கதை அறுந்துபோகும்.

ஜன்னல் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் பிள்ளைகளின் கண் கூசும், பக்கம் இருட்டாகத் தெரியும். வெளிச்சம் புத்தகத்தின் மேல் விழும்படி திரும்பி உட்காருங்கள். பிள்ளைகள் தரையில் அரைவட்டமாக நெருங்கி உட்காரட்டும். மூன்று வரிசைக்கு அப்பால் படத்தின் நுணுக்கங்கள் தெரியாது. வகுப்பு பெரிதாக இருந்தால் இரண்டாகப் பிரித்து இரண்டு நாளில் வாசியுங்கள்.

வாசிக்கும்போது

பக்கத்தைத் திருப்பியதும் மூன்று நான்கு நொடி வாயைத் திறக்காதீர்கள். பிள்ளைகள் முதலில் படத்தைத்தான் வாசிக்கிறார்கள். உடனே எழுத்துக்குப் போனால் படத்தில் இருப்பதைத் தவறவிடுவார்கள்.

ஓர் உதாரணம். ஒரு பக்கத்தில் “அம்மாவுக்கு என்மேல் கோபமே இல்லை” என்று இருக்கிறது. படத்திலோ அம்மா முதுகைக் காட்டியபடி பாத்திரம் தேய்க்கிறாள். மேசையில் ஒரு தட்டு மட்டும் மூடியே இருக்கிறது. இங்கே நிறுத்துங்கள். “அம்மாவுக்குக் கோபமா?” என்று கேட்டால் ஆமாம், இல்லை என்பதோடு முடிந்துவிடும். “படத்தில் என்னென்ன தெரிகிறது?” என்று கேளுங்கள். மூடிய தட்டை யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும். அது யாருடைய தட்டு என்பதிலிருந்து பேச்சு தானாக ஓடும்.

வாசித்த பிறகு

முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: “எந்த இடம் புரியவில்லை? எது விசித்திரமாக இருந்தது?” இதற்குத் தவறான பதில் கிடையாது. எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறும் பிள்ளையும் நன்றாக வாசிக்கும் பிள்ளைக்குச் சமமாக இதில் பேசலாம். நேராக வகுப்புக்கு முன்னால் பேசச் சொல்லாமல், முதலில் பக்கத்தில் இருப்பவரோடு ஒரு நிமிடம் பேசவிடுங்கள். ஒருமுறை வாய்விட்டுச் சொன்னதை இரண்டாம் முறை எல்லார் முன்னாலும் சொல்வது எளிது.

பிறகு காத்திருங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்பதை அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டு எடுத்துக்காட்டினார். அதை மூன்று நொடியாக்கியபோது பதில்கள் நீண்டன. கேட்காமலே பேசும் மாணவர்களும் கூடினார்கள். மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். ஒரு பிள்ளை பேசி முடித்த பிறகும் மூன்று எண்ணுங்கள். பலர் அந்த இடைவெளியில்தான் “ஏன்னா…” என்று தொடர்வார்கள்.

“சரி”, “சூப்பர்” இரண்டும் பேச்சுக்குப் பூட்டுப் போடும் சொற்கள். ஒருவருக்கு “சூப்பர்” கிடைத்ததுமே மற்றவர்கள் தங்கள் யோசனையை விழுங்கிவிடுவார்கள். அதற்குப் பதில் “புத்தகத்தில் எதைப் பார்த்து அப்படித் தோன்றியது?” என்று கேட்டு, அந்தப் பக்கத்துக்கே திரும்பிப் போங்கள். பிறகு “இதை வேறு மாதிரி நினைப்பவர் யார்?” என்று கேளுங்கள். பிள்ளைகள் சொல்வதைக் கரும்பலகையில் பெயரோடு எழுதுங்கள், அவர்கள் சொன்ன சொற்களிலேயே. வீட்டில் பேசும் மொழியில் சொன்னதை எழுத்து மொழிக்குத் திருத்தினால் அந்தப் பிள்ளை அடுத்த முறை கையைத் தூக்காது.

எப்போதும் அதே நான்கு பேர்தான் பேசுகிறார்களா? ஆளுக்கு இரண்டு அட்டைத் துண்டு கொடுங்கள். பேசும்போது ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். தீர்ந்தவர் கேட்க மட்டும் செய்யலாம். பேச்சு கதையை விட்டு எங்கோ போனால் “கதையில் அது எங்கே வருகிறது?” என்ற கேள்வியே இழுத்துவந்துவிடும். சாவு, வீட்டுச் சண்டை போன்ற கதைகளில் ஒரு பிள்ளை தன் வீட்டுத் துயரைச் சொல்லத் தொடங்கலாம். எல்லார் முன்னாலும் துருவாதீர்கள். “சொன்னதற்கு நன்றி, பிறகு நாம் இருவரும் பேசுவோம்” என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே மறக்காமல் பேசுங்கள்.

புத்தகம் கைமாறும்போது

கதைச்சுருக்கம் எழுதிவரச் சொல்லாதீர்கள். பிள்ளை அடுத்த கதையைக் கேட்கும்போதே வீட்டுப்பாடம்தான் நினைவுக்கு வரும். வாசித்த புத்தகத்தை அன்றைக்கே, முன்னட்டை தெரியும்படி பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் வையுங்கள். முதுகு மட்டும் தெரிய அடுக்கினால், மெல்லிய படக்கதைப் புத்தகத்தில் தலைப்புக்கூடத் தெரியாது. அதையே திரும்பத் திரும்ப எடுத்தால் எடுக்கட்டும். எடுத்தவர் பெயரையும் தேதியையும் பிள்ளைகளே குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள்.

கைபட்டால் கிழியத்தான் செய்யும். அதற்குப் பயந்து பீரோவில் பூட்டாதீர்கள். செலோடேப் ஒட்டினால் நாளடைவில் மஞ்சளாகிப் பிசின் கசிந்து பக்கத்தைக் கெடுத்துவிடும். கிழிந்த ஓரத்தில் வெள்ளைப் பசையை மெல்லியதாகத் தடவி, மெல்லிய காகிதப் பட்டை ஒன்றை மேலே ஒட்டி, இரு பக்கமும் மெழுகுத்தாள் வைத்து மூடுங்கள். மெழுகுத்தாள் இல்லாவிட்டால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ராத்திரி முழுக்கக் கனமான புத்தகங்களுக்கு அடியில் இருந்தால் காலையில் மறுபடி அலமாரிக்குப் போய்விடும்.