பியானோ கிரேடு எக்ஸாமா? அந்த அரை நிமிஷத்த விட்றாதீங்க

ஏபிஆர்எஸ்எம்ங்கிற பிரிட்டன் மியூசிக் எக்ஸாம் போர்டோட பிராக்டிகல் கிரேடுக்கு பசங்கள ரெடி பண்றவங்க எக்ஸாம்ல வாசிக்கிற மூணு பீஸையே (இசைத் துண்டு) திரும்பத் திரும்ப வாசிக்க வைக்கிறாங்க, ஆனா மொத்தம் 150 மார்க்ல பீஸுக்கு 90தான், மீதி 60 ஸ்கேல்ஸ் (ஸ்வர வரிசை வாசிக்கிறது), சைட் ரீடிங் (முன்ன பாக்காத நோட்ஸ அப்பவே பாத்து வாசிக்கிறது), ஆரல்ல (காதால கேட்டு பதில் சொல்றது) இருக்கு, பாஸுக்கு 100 வேணும். சைட் ரீடிங்குக்கு முன்னாடி அரை நிமிஷம் தருவாங்க, அப்ப சத்தமாவே வாசிச்சுப் பாக்கலாம், அத மார்க்ல சேக்க மாட்டாங்க, பயத்துல நிறைய பசங்க பேப்பரயே பாத்துட்டு உக்காந்திருக்கும், பாவம். நமக்கு நோட்ஸ் படிக்கத் தெரியாட்டியும் பரவால்ல, வீட்ல தினம் ஒரு புது வரி நோட்ஸ் குடுத்து மொபைல்ல 30 செகண்ட் டைமர் வைங்க. அப்புறம் வாசிக்கும்போது தப்பு வந்தாலும் நிறுத்தாம தாளத்தோட போய்ட்டே இருக்கணும். ஸ்கேல்ஸ் பேர சீட்டுல எழுதி குலுக்கி எடுக்க வைங்க, எக்ஸாமினர் எத கேப்பாருன்னு முன்னாடியே தெரியாதுல்ல.