அந்த ‘ஆர்’ எதற்கு? சிறுகதை வினாக்களுக்கு விடையெழுதப் பழக்குதல்

இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குத் தமிழ் நடத்துகிறேன். கதை நடத்திய மறுநாள் வினாக்களைக் கொடுத்தால் முதலில் என் கண்ணில் படுவது பிள்ளைகளின் விரல்கள்தாம். வினாவில் இருக்கும் ஏதாவது ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, அது கதையில் எங்கே வருகிறது என்று பக்கம் பக்கமாக விரல் ஓடும். அகப்பட்டதும் அந்த வரியையும் அதற்கடுத்த இரண்டு வரிகளையும் அப்படியே எழுதிவிடுவார்கள். கதை படிக்காத பிள்ளைகூட இப்படி எழுதிவிட முடியும் என்பதுதான் எனக்கு வருத்தம். இதை மாற்ற முடியும். நான் மாற்றிப் பார்த்த வழியை இங்கே எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையை வைத்துக்கொள்கிறேன். அழகிரிசாமி 1923-இல் கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் பிறந்தவர். நான் வேலை பார்ப்பதும் அந்தப் பக்கம்தான். அவர் எழுதிய வெயிலும் மண்ணும் என் பிள்ளைகளுக்குத் தெரிந்தவை. ஏழை வீட்டுப் பிள்ளைகள் செல்லையா, தம்பையா, மங்கம்மாள். வசதியான வீட்டுப் பிள்ளை ராமசாமி. தீபாவளிக்கு ராமசாமி வீட்டுக்கு ஜமீன் ராஜா மாப்பிள்ளையாக வருகிறார். ஏழை வீட்டுக்கோ, உடம்பெல்லாம் சிரங்கோடு ஓர் அநாதைச் சிறுவன் வந்து சேர்கிறான். அவன் பெயர் ராஜா. தாயம்மாள் தன் பிள்ளைகளோடு அவனையும் சேர்த்துக் குளிப்பாட்டித் தீபாவளி கொண்டாட வைக்கிறாள்.

கதையை முதல் முறை வாசிக்கும்போது வினாவைப் பற்றி வாய் திறக்காதீர்கள். பேனாவும் வேண்டாம். ஆசிரியர் உரக்க வாசிக்க வேண்டும், பிள்ளைகள் கேட்க வேண்டும், அவ்வளவுதான். வினா முன்பே தெரிந்துவிட்டால் காது அதற்கான விடையை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடச் சொல்லி, ஒரு பிள்ளை ஒரு வாக்கியம், அடுத்த பிள்ளை அடுத்த வாக்கியம் என்று கதையைச் சொல்ல வையுங்கள். எதைச் சொன்னார்கள் என்பதைவிட எதை விட்டுவிட்டார்கள் என்று கவனியுங்கள். இந்தக் கதையில் பெரும்பாலும் விட்டுப்போவது தொடக்கத்தில் வரும் விளையாட்டு. ‘எங்களிடம் இது இருக்கிறது, உங்களிடம் இருக்கிறதா’ என்று சிறுவர்கள் போடும் போட்டியை வெறும் வேடிக்கை என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். அந்தப் போட்டிதான் முடிவு வரை கதையை இழுத்துக்கொண்டு போகிறது. அந்த இடத்துக்கு அவர்களைத் திரும்ப அழைத்துப் போவதுதான் உங்கள் முதல் வேலை.

இன்னொரு சிக்கல் நம் மொழியின் இயல்பிலிருந்து வருவது. தமிழில் எழுவாயை வெளிப்படையாகச் சொல்லாமலே ஒரு பத்தி முழுக்க ஓட்டிவிடலாம். உரையாடல் நீண்டால் யார் பேசுகிறார்கள் என்பதே பிள்ளைகளுக்குத் தவறிப்போகும். ‘இக்கூற்று யாருடையது?’ என்ற எளிய வினாவில்கூட மதிப்பெண் இழப்பது இதனால்தான். ஒவ்வொரு பேச்சுக்கும் ஓரத்தில் பென்சிலால் பேசுபவர் பெயரின் முதல் எழுத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் பழகிவிடும். பிறகு பென்சில் தேவைப்படாது.

இப்போது வினாக்களுக்கு வரலாம். வினாவின் கடைசிச் சொல்லை அடிக்கோடிடப் பழக்குங்கள். ‘குறிப்பிடுக’ என்றால் ஒரு வரி போதும். ‘காரணம் தருக’ என்றால் விடையில் ‘ஆதலால்’, ‘என்பதால்’ போன்ற ஒரு சொல் வந்தே ஆக வேண்டும். ‘உம் கருத்தை எழுதுக’ என்றால் கதையின் வரி மட்டும் விடையாகாது. அடுத்ததாக, விடை இருக்கும் இடத்தைக் கேளுங்கள். ‘இதற்கு விடை ஒரே வரியில் இருக்கிறதா, இரண்டு இடங்களைச் சேர்த்தால் கிடைக்குமா, உன் மனத்திலிருந்து வர வேண்டுமா?’ முதல் வகையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நாம் உழைக்க வேண்டியது இரண்டாவது வகைக்கு.

அதற்கு நான் வைத்திருக்கும் வினா ஒன்று உண்டு. ‘தலைப்பில் வந்திருக்கிறான் என்று இல்லாமல் வந்திருக்கிறார் என்று ஏன் இருக்கிறது?’ கேட்டதும் உடனே ஒரு குரல் வரும்: “ராஜா என்றால் மரியாதை கொடுக்க வேண்டும் டீச்சர்.” சரி என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். “எந்த ராஜாவுக்கு?” என்று மட்டும் கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்தப் பத்து எண்ணிக்கையைத் தாங்குவது எனக்குப் பல ஆண்டுகள் கடினமாக இருந்தது. விடையை நானே சொல்லிவிடுவேன். பொறுத்திருந்தால் யாராவது ஒரு பிள்ளை சொல்லும்: “இரண்டு ராஜா இருக்கிறார்கள்!” அங்கேதான் கதை திறக்கிறது. ஜமீன் ராஜாவுக்கு ஊர் கொடுக்கும் அந்த ‘ஆர்’, சிரங்கு பிடித்த சிறுவனுக்கும் சேர்ந்து கிடைத்துவிடுகிறது. தொடக்கத்து விளையாட்டில் யாரிடம் என்ன இருக்கிறது என்று போட்டி போட்டவர்களில் மங்கம்மாள், கடைசியில் எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறான் என்று ராமசாமியிடம் பெருமையோடு சொல்கிறாள். ‘வீட்டுக்கும்’ என்பதில் உள்ள அந்த ‘உம்’ எந்தப் போட்டிக்கான பதில் என்று கேளுங்கள். இலக்கண வகுப்பில் எண்ணும்மை, எச்சவும்மை என்று மனப்பாடம் செய்தது இங்கே உயிரோடு வந்து நிற்கும். தலைப்பு, தொடக்கம், முடிவு மூன்றையும் பிள்ளையே சேர்த்துக் கட்டிவிட்டால், பிறகு எந்த நெடுவினாவும் அதற்குப் பெரிதாகத் தோன்றாது.

பாத்திரப் பண்பைக் கேட்கும் வினாக்களில் வேறொரு நோய் உண்டு. தாயம்மாள் எப்படிப்பட்டவள் என்று கேட்டால், நோட்ஸில் படித்தபடி ‘இரக்கக் குணம் கொண்டவள்’ என்று நாற்பது பேரும் எழுதுவார்கள். தவறில்லை, ஆனால் அந்தச் சொற்களுக்குள் தாயம்மாள் இல்லை. “அவள் என்ன செய்ததைப் பார்த்து இப்படிச் சொல்கிறாய்?” என்று கேளுங்கள். ஒரு முறை எப்போதும் பேசாத ஒரு மாணவி சொன்னாள்: “உடம்பெல்லாம் சிரங்கு டீச்சர். நானாக இருந்தால் தொட்டிருக்க மாட்டேன். அவள் தொட்டுக் குளிப்பாட்டினாள்.” அதைத்தான் எழுது என்றேன். பண்பை ஒரு வாக்கியத்தில் சொல், அதைக் காட்டும் நிகழ்ச்சியை ஒரு வாக்கியத்தில் சொல், அந்த நிகழ்ச்சி ஏன் சிறியது அல்ல என்பதை மூன்றாவது வாக்கியத்தில் சொல். மூன்றாவது வாக்கியம் எந்த நோட்ஸிலும் கிடைக்காது.

வாயால் அருமையாகச் சொல்லும் பிள்ளை, எழுதும்போது இரண்டு வரியில் நின்றுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். கதை புரியாமல் அப்படி நிற்பதில்லை. பேச்சுத் தமிழில் வந்த எண்ணத்தை எழுத்துத் தமிழுக்கு மாற்றும்போது வழியிலேயே அது உதிர்ந்துவிடுகிறது. ஆகவே முதலில் அவர்கள் வீட்டில் பேசும் பேச்சிலேயே விடையைச் சொல்ல விடுங்கள், இடையில் திருத்தாதீர்கள். பக்கத்தில் இருக்கும் பிள்ளை அதை அப்படியே எழுதட்டும். பிறகு இருவரும் சேர்ந்து எழுத்து நடைக்கு மாற்றட்டும். மெதுவாக வாசிக்கும் பிள்ளைகளுக்கு இதைப்போல் உதவுவது வேறெதுவும் இல்லை. அவர்களுக்குக் கதை தெரியும் என்பதை அவர்களே முதன்முதலாகக் கண்டுகொள்வது அப்போதுதான்.

கரும்பலகையில் மாதிரி விடை எழுதிப் போடும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். எழுதிப் போட்டால் மறுநாள் நாற்பது நோட்டுகளில் என் விடைதான் இருக்கும். அதற்குப் பதிலாகப் பெயர் சொல்லாமல் இரண்டு மாணவர்களின் விடைகளை வாசித்து, எதில் கதை அதிகமாகத் தெரிகிறது என்று வகுப்பைக் கேட்கிறேன். அவர்கள் தீர்ப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது.

நோட்டு திருத்தும்போது அரைகுறை விடையை அடித்துவிடாமல் ஓரத்தில் ஒரு கேள்வி எழுதுங்கள்: ‘யார் சொன்னது?’, ‘இதற்கு முன்னால் என்ன நடந்தது?’, ‘எந்த வரி?’ அதற்குப் பதில் எழுதிக் காட்டினால் மதிப்பெண்ணைக் கூட்டிப் போடுங்கள். கருத்து வினாவுக்கும் இதே அளவுகோல்தான். தீபாவளிக்குப் பிறகு அந்தச் சிறுவன் என்ன ஆவான் என்று சென்ற ஆண்டு கேட்டிருந்தேன். அந்த வீட்டிலேயே மகிழ்ச்சியாக வளர்வான் என்று ஏறக்குறைய எல்லாருமே எழுதியிருந்தார்கள். ஒரு பையன் மட்டும், சில நாளில் அவன் போய்விடுவான், தாயம்மாள் போகச் சொல்ல மாட்டாள், ஆனால் அவனே போய்விடுவான் என்று எழுதியிருந்தான். எந்த வரி உனக்கு அப்படிச் சொன்னது என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் இடைவேளையில் புத்தகத்தோடு வந்தான். அந்தக் குடும்பத்தின் வறுமை தெரியும் இடங்கள் மூன்றுக்கு அடையாளமாகக் காகிதத் துண்டுகள் வைத்திருந்தான்.