நிறுத்தியது ஒன்று, ஓடியது ஏழு: டீபக்கரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் எட்டு திரெட்டுகள் ஒரே லூப்பைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. லூப்பின் தலையில், நிரலை நிறுத்தும் பிரேக்பாயின்ட் வைத்து, நின்றதும் ஜிடிபி என்ற டீபக்கரில் (பிழை தேடும் கருவியில்) ‘நெக்ஸ்ட்’ தட்டி வரிவரியாக நகர்கிறோம். சுற்று எண் 12 முடிந்து 13 வர வேண்டிய இடத்தில் 40 என்று காட்டுகிறது. உடனே ‘யாரோ நினைவகத்தைச் சிதைக்கிறார்கள்’ என்று முடிவுகட்டி நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகமான ஹீப்பைக் குடையத் தொடங்குபவர்கள் பலர். எதுவும் சிதையவில்லை. பார்த்துக்கொண்டிருந்த திரெட்டை விட்டு வேறொன்றுக்கு வந்துவிட்டோம், அவ்வளவுதான்.

ஜிடிபியின் இயல்பான முறையில் ஒரு திரெட் நின்றால் எல்லாமே நிற்கும். அதை வைத்து, ஒன்றை நகர்த்தினால் ஒன்றுதான் நகரும் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை, ‘நெக்ஸ்ட்’ கொடுக்கும்போது மற்ற ஏழும் சேர்ந்தே ஓடுகின்றன. அவற்றில் ஒன்று அதே பிரேக்பாயின்ட்டில் முட்டினால் பார்வை அங்கே தாவிவிடும். ‘ஸ்விட்ச்சிங் டு திரெட்’ என்று ஒரு வரி திரையில் வரத்தான் செய்கிறது, படிப்பவர்தான் இல்லை. பிரேக்பாயின்ட்டைக் குறிப்பிட்ட திரெட்டின் எண்ணோடு கட்டிவிட்டால் இந்தக் குழப்பம் பெருமளவு தீரும்.

இதை அறிந்தவர்கள் அடுத்த பள்ளத்தில் விழுகிறார்கள். ‘ஷெட்யூலர் லாக்கிங்’ அமைப்பை ‘ஆன்’ செய்தால் நாம் இருக்கும் திரெட் மட்டுமே ஓடும். நிம்மதிதான், அந்தத் திரெட் ஒரு மியூட்டெக்ஸை, அதாவது ஒரு நேரத்தில் ஒரு திரெட் மட்டுமே பிடிக்கக்கூடிய லாக்கை, கேட்கும் வரை. லாக்கைப் பிடித்திருப்பது உறைந்துபோன திரெட்டுகளில் ஒன்று என்றால், ‘நெக்ஸ்ட்’ திரும்பி வரவே வராது. உங்கள் நிரலில் டெட்லாக் (லாக்குக்காகக் காத்தே முடங்கிப்போவது) இருப்பதாகப் புகார் எழுதுவதற்கு முன், அதை நீங்களே உண்டாக்கினீர்களா என்று பாருங்கள். மியூட்டெக்ஸ் உங்கள் நிரலில் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதும் இல்லை; நினைவகம் ஒதுக்கும் மால்லாக், அச்சிடும் பிரிண்ட்எஃப் ஆகியவற்றுக்கு உள்ளேயே லாக்குகள் உண்டு. ‘ஆன்’ என்பதற்குப் பதில் ‘ஸ்டெப்’ என்று வைத்தால் அடியடியாக நகரும்போது மட்டும் மற்றவை நிற்கும், ‘கன்டினியூ’ கொடுத்தால் எல்லாம் ஓடும். அன்றாட வேலைக்கு இதுவே போதும் என்பது என் கணிப்பு. ஆனால் லாக் கேட்கும் வரியை ‘நெக்ஸ்ட்’ கொண்டு தாண்டும்போது இதிலும் மாட்டிக்கொள்ள வாய்ப்புண்டு.

மாட்டிக்கொண்டால் கண்ட்ரோல்-சி அழுத்தி, எல்லாத் திரெட்டுகளின் ஸ்டாக்கையும் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்து இங்கே வந்தது என்ற பட்டியலையும்) ஒருசேர எடுங்கள். லினக்ஸில் கிளிப்சி என்ற சி மொழி நூலகத்தின் மியூட்டெக்ஸ், தன்னைப் பிடித்திருப்பவரின் எண்ணை ‘ஓனர்’ என்ற புலத்தில் வைத்திருக்கிறது. அச்சிட்டுப் பார்த்தாலே ஆள் தெரிந்துவிடும். இங்கேயும் ஒரு சறுக்கல் இருக்கிறது. அது இயங்குதளத்தின் மையமான கெர்னல் கொடுத்த எண். ஜிடிபி தன் வசதிக்குக் கொடுக்கும் 1, 2, 3 அல்ல. திரெட் பட்டியலில் ‘எல்டபிள்யூபி’ என்ற பெயருக்குப் பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட வேண்டும்.

விண்டோஸ் பக்கத்து டீபக்கர்களான விண்டிபக், விஷுவல் ஸ்டுடியோ ஆகியவற்றில் திரெட்டை ஒவ்வொன்றாக உறையவைக்கலாம். அங்கே நடக்கும் தவறு எளிமையானது: உறையவைத்ததை விடுவிக்க மறப்பது.

டீபக்கரிலிருந்து ஃபங்ஷனை அழைப்பதையும் பலர் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். மால்லாக் உள்ளே, அதன் லாக்கோடு நின்றிருக்கும் திரெட்டிலிருந்து, நினைவகம் ஒதுக்கும் இன்னொரு ஃபங்ஷனை அழைத்தால் அது தன் லாக்குக்காகத் தானே காத்துக் கிடக்கும். அழைப்பு முடியும் வரை மற்ற திரெட்டுகளும் ஓடக்கூடும் என்பது கூடுதல் சங்கடம். எல்எல்டிபி என்ற இன்னொரு டீபக்கர் முதலில் நடப்புத் திரெட்டை மட்டும் ஓட்டிப் பார்த்து, சற்று நேரத்தில் முடியாவிட்டால் எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுகிறது.

சொன்ன நிபந்தனை உண்மையானால் மட்டும் நிற்கும் நிபந்தனை பிரேக்பாயின்ட்டில் ஒரு சமக்குறி குறைந்தால் என்ன ஆகும்? ‘பிழை == 0’ என்பதற்குப் பதில் ‘பிழை = 0’ என்று தட்டிவிட்டீர்கள். ஜிடிபிக்கு அது சி மொழி, ஆட்சேபம் சொல்லாது. அந்த வரியை எந்தத் திரெட் கடந்தாலும் ‘பிழை’ என்ற மாறியில் 0 எழுதப்படும். நிபந்தனையின் மதிப்பே 0, அதாவது பொய், என்பதால் பிரேக்பாயின்ட் ஒருபோதும் நிற்காது. பிழைக்குறியீடு ஓசையின்றி அழிந்துகொண்டே இருக்க, நிரல் ஒழுங்காக ஓடுவதாக நாம் மகிழ்ந்துகொண்டிருப்போம்.

நினைவகத்தைக் கண்காணிக்கும் வாட்ச்பாயின்ட்தான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் கருவி. எக்ஸ்86 பிராசஸரில் இதற்கான முகவரி ரெஜிஸ்டர்கள் நான்கு மட்டுமே. 64 பிட் முறையில் ஒவ்வொன்றும் அதிகபட்சம் 8 பைட்டுகளைக் காக்கும். பல புலங்கள் சேர்ந்த 200 பைட் ஸ்ட்ரக்ட் முழுவதையும் கண்காணிக்கச் சொன்னால் ஜிடிபி மென்பொருள் வழிக்கு, அதாவது ஒவ்வொரு அடியிலும் மதிப்பைத் தானே சரிபார்க்கும் முறைக்கு, மாறிவிடும். அப்போது திரையில் ‘ஹார்ட்வேர் வாட்ச்பாயின்ட்’ என்று வராது, வெறும் ‘வாட்ச்பாயின்ட்’ என்றே வரும். அந்த ஒரு சொல் இல்லாததைக் கவனியுங்கள். நிரல் ஆமைவேகத்துக்கு வருவதைப் பொறுத்துக்கொள்ளலாம்; ஆனால் மென்பொருள் வாட்ச்பாயின்ட் ஒரு திரெட்டில் நடக்கும் மாற்றத்தை மட்டுமே நம்பகமாகக் காட்டும். குற்றவாளி வேறு திரெட் என்றால் கண்ணெதிரே தப்பிவிடுவான். சந்தேகப்படும் ஒரே புலத்தை மட்டும் கண்காணியுங்கள். முகவரியை வைத்திருக்கும் பாயின்டர் வழியாகச் சொல்லும்போது ‘லொகேஷன்’ விருப்பத்தைச் சேர்த்து முகவரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், பாயின்டர் லோக்கலாக இருக்கும்போது, ஃபங்ஷன் முடிந்ததும் வாட்ச்பாயின்ட்டும் போய்விடும்.

முகவரியைப் பிடித்ததிலும் எச்சரிக்கை வேண்டும். அந்த இடம் ஃப்ரீ செய்யப்பட்டு வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டால், முறையாக எழுதும் நிரபராதியைக் காட்டி வாட்ச்பாயின்ட் நிற்கும். எக்ஸ்86-இல் எழுதி முடித்த பிறகே நிறுத்தம் வரும் என்பதால், அம்புக்குறி காட்டும் வரிக்கு முந்தைய வரிதான் பெரும்பாலும் காரணம். பழைய மதிப்பையே மறுபடி எழுதினால் சாதாரண ‘வாட்ச்’ நிற்காது.

பிழை தேடுவதற்காகத் தொகுத்த விண்டோஸ் டீபக் பில்டில் மாறியின் மதிப்பாக ‘சிடி’ (பதினாறடிமான எண் CD) என்ற பைட்டே திரும்பத் திரும்பத் தெரிந்தால், ஒதுக்கியும் மதிப்பு கொடுக்காத ஹீப் நினைவகம் அது. ‘டிடி’ என்றால் விடுவிக்கப்பட்டது. ‘சிசி’ என்றால் மதிப்பு கொடுக்கப்படாத ஸ்டாக். இவற்றை உண்மையான எண்கள் என்று நம்பிக் கணக்குப் போட்டுப் பார்ப்பது வீண் வேலை.

டீபக்கரில் ஓட்டினால் மட்டும் பிழை மறைகிறது என்றால், நேரக்கணக்கைக் குற்றம் சொல்வதற்கு முன் முகவரிகளைப் பாருங்கள். லினக்ஸில் ஜிடிபி தான் தொடங்கும் நிரலுக்கு முகவரிக் குலைப்பை (நினைவக இடங்களை ஒவ்வொரு ஓட்டத்திலும் மாற்றி வைப்பதை) இயல்பாகவே அணைத்துவிடுகிறது; ஹீப்பும் ஸ்டாக்கும் ஓட்டத்துக்கு ஓட்டம் ஒரே இடத்தில் வந்து உட்காரும். எல்லை மீறி எழுதும் பிழை, அந்த ஒரு அமைப்பில் தற்செயலாகப் பாதிப்பில்லாத இடத்தில் விழுந்துகொண்டிருக்கலாம். ‘டிசேபிள் ராண்டமைசேஷன்’ அமைப்பை ‘ஆஃப்’ செய்துவிட்டுப் பலமுறை ஓட்டிப் பாருங்கள்.