முதுகுப்பைக்கு ஒரு சிறு பூட்டு

தென்னிந்தியாவைப் பஸ்ஸிலும் ரயிலிலும் சுற்றக் கிளம்புகிறவர்கள், முதுகுப்பையின் ஜிப்பில் மாட்டும் சிறிய பூட்டு ஒன்றைச் சிங்கப்பூர்த் தேக்காவிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். திருச்சி, மதுரை போன்ற பெரிய ரயில் நிலையங்களில், பயணிகளின் பைகளைப் பாதுகாத்து வைக்கும் கிளோக் ரூமில், பூட்டாத பையை ஏற்கமாட்டார்கள். பூட்டியிருந்தால் சொற்பக் கட்டணத்தில் நாள் முழுவதும் வைத்துக்கொள்வார்கள்.

இரவு ரயிலில் வந்து இறங்கி, பையை அங்கே ஒப்படைத்துவிட்டால் கை வீசி ஊர் சுற்றலாம். திருச்சியில் மத்தியப் பேருந்து நிலையம் நடக்கும் தூரம்தான். அங்கிருந்து 1ஆம் எண் டவுன் பஸ் மலைக்கோட்டைப் பக்கமாக ஸ்ரீரங்கம் போகிறது. அன்றிரவே அடுத்த ஊருக்கு ரயிலேறினால் அந்த நாளுக்கு ஓட்டல் வாடகையே இல்லை. குளியலுக்கு நிலையத்தின் காத்திருப்பு அறை. சுத்தத்தில் சாங்கி விமான நிலையத்தை எதிர்பார்க்காதீர்கள்.

கிளோக் ரூமில் ரயில் டிக்கெட்டையும் அடையாள ஆவணத்தையும் கேட்பார்கள் என்பதால், பஸ்ஸில் மட்டுமே போகிறவர்களுக்கு இது உதவாது. சிறிய நிலையங்களில் இந்த வசதி கிடையாது. பாஸ்போர்ட், பணம், மடிக்கணினி ஆகியவற்றை எந்த நிலையத்திலும் பையோடு விடவேண்டாம். வயதான பெற்றோர் உடன் வந்தால், கணக்குப் பார்க்காமல் அறை எடுத்துவிடுங்கள்.