தொடை எலும்புக்கு நெயில்: நுழைவிடமும் சுழற்சியும்

தொடை எலும்பின் தண்டு (நீண்ட நடுப்பகுதி) முறிந்து, அதன் மஜ்ஜைக் குழாய்க்குள் நெயில் என்னும் நீண்ட உலோகக் கம்பியை இறக்குவதானால், முதலில் பார்க்க வேண்டியது இடுப்பு மூட்டை ஒட்டிய எலும்புக் கழுத்தை. வேகமான விபத்துகளில் கழுத்திலும் மயிரிழை விரிசல் விழுந்திருக்கும். எக்ஸ்ரேயில் எளிதில் தப்பிவிடும். மெல்லிய வெட்டு சி.டி. பார்த்துவிட்டே கத்தி எடுங்கள்.

அறுவைக்கான துணி மூடும் முன், முறியாத நல்ல காலைச் சி-ஆர்மில் (அறுவை அறையில் உடனுக்குடன் படம் காட்டும் எக்ஸ்ரே கருவி) பாருங்கள். முழங்கால் சில்லு நேர் மேலே பார்க்க வைத்து, சிறிய ட்ரோகேன்டரின் (தொடை எலும்பின் மேற்பகுதியில் உட்பக்கமுள்ள சிறு புடைப்பு) படத்தைச் சேமியுங்கள். ஒரு நிமிட வேலைதான். பின்னால் சுழற்சியை ஒப்பிட இதுவே கைகொடுக்கும்.

டிராக்ஷன் டேபிளில் (காலை இழுத்துப் பிடிக்கும் அறுவை மேசை) தொடையிடுக்குக் கம்பத்துக்குத் தடித்த பஞ்சணை வேண்டும். நெடுநேரம் இழுத்துப் பிடித்தால் தொடையிடுக்குப் பகுதிக்கு உணர்வு தரும் புடெண்டல் நரம்பு அழுந்தி மரத்துப்போகும்.

அடுத்தது நுழைவிடம். நேரான நெயிலுக்குப் பிரிஃபார்மிஸ் குழி (பெரிய ட்ரோகேன்டருக்கு உட்பக்கமுள்ள பள்ளம்), மேல்முனை வளைந்த நெயிலுக்குப் பெரிய ட்ரோகேன்டரின் (எலும்பின் மேல்பகுதியில் வெளிப்பக்கமுள்ள பெரிய புடைப்பு) உச்சி. மாற்றிப் போட்டால் எலும்பு கோணிவிடும். பக்கவாட்டுப் படத்தில், துளைக்கு வழிகாட்டும் ஊசியின் முனை மஜ்ஜைக் குழாயின் நடுக்கோட்டில் நிற்க வேண்டும், 6 மி.மீ.க்கு மேல் முன்னே போனால் நெயில் இறங்கும்போது மேல்துண்டு வெடிக்கும். மேல்மூன்றில் முறிந்திருந்தால் தசைகள் மேல்துண்டை மடக்கி வெளிப்பக்கம் இழுத்திருக்கும். அதை நேராக்கிய பிறகே துளையிடுங்கள். ரீமர் (குழாயைக் குடைந்து அகலமாக்கும் கருவி) எலும்பை நேராக்காது, இருக்கும் கோணலையே நிலையாக்கும்.

குமிழ்முனைக் கைடு வயர் (ரீமருக்கும் நெயிலுக்கும் வழிகாட்டும் கம்பி) கீழே நேர், பக்கவாட்டு ஆகிய இரு படங்களிலும் நடுவில் நிற்கட்டும். ரீமரை 0.5 மி.மீ. படிகளாக ஏற்றுங்கள். உட்சுவரை உரசி 'கர கர'வென்று அதிரத் தொடங்கியதும் ஓரிரு படிகள் போதும்; நெயில் கடைசி ரீமரைவிட 1 முதல் 1.5 மி.மீ. மெலிந்திருக்கட்டும். மழுங்கிய ரீமரை அழுத்தித் தள்ளாதீர்கள்: எலும்பு சூடேறும், குழாய்க்குள் அழுத்தம் கூடிக் கொழுப்பு ரத்தத்தில் ஏறும். நெயில் மெல்லிய தட்டலுக்கு இறங்காவிட்டால் சுத்தியலை ஓங்காமல் வெளியே எடுத்து இன்னும் 0.5 மி.மீ. ரீம் செய்யுங்கள். வளைவு அதிகமுள்ள முதியோர் எலும்பில் நெயில் முனை முன்சுவரைக் குத்துகிறதா என்று பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே இறக்குங்கள்.

கைடு வயரை உருவிவிட்டு, நெயிலை எலும்போடு பூட்டும் கீழ் ஸ்க்ரூக்களை முதலில் போடுங்கள். நெயிலின் துளை திரையில் சுத்தமான வட்டமாகத் தெரியும்வரை டிரில்லைத் தொடாதீர்கள். பிறகு முறிவில் இடைவெளி இருந்தால் நெயிலைப் பின்னோக்கித் தட்டி மூடுங்கள்.

மேல் ஸ்க்ரூவுக்கு முன் சுழற்சி: கீழ்த்துண்டு திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். சில்லை நேராக வைத்துச் சேமித்த படத்தோடு ஒப்பிடுங்கள். சிறிய ட்ரோகேன்டர் நல்ல காலைவிடச் சிறிதாகத் தெரிந்தால் கீழ்த்துண்டு வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது. பெரிதாகத் தெரிந்தால் உட்பக்கம். 15 டிகிரிக்கு மேல் விட்டுவிட்டால் நோயாளி நடையில் அதைச் சுமப்பார்; இப்போதே திருத்துங்கள்.

மயக்கம் தெளிவதற்குள் கழுத்தை மறுபடியும் சி-ஆர்மில் பார்த்து, கால் நீளத்தை அளந்து, முழங்கால் தசைநார்களை அசைத்துச் சோதியுங்கள்.