பாண் சைக்கிளில் விழுந்தால் செய்ய வேண்டியவை

மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு பேக்கரியில் கணக்கெழுதுகிறேன். விடியலில் சைக்கிளில் பாண் பெட்டி கட்டிப் புறப்படும் தம்பிமாருக்குச் சொல்வதையே இங்கும் எழுதுகிறேன்.

விழுந்தவுடன் துள்ளியெழுந்து பாண் பொறுக்க வேண்டாம். தலையில் அடிபட்டாலோ கழுத்து வலித்தாலோ அசையாமல் கிடந்து, 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கச் சொல்லுங்கள், அதற்குக் காசில்லை. பலரும் கவனிக்காத இடம் வயிறு. ஹாண்டில் முனை குத்தினால் வெளியே சிறு கன்றல்தான் தெரியும். உள்ளே ஈரலோ மண்ணீரலோ கிழிந்திருக்கலாம். சில மணி நேரம் கழித்து வயிற்று வலி, தலைச்சுற்று, இடது தோளில் வலி வந்தால் விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குப் போங்கள். காயத்தில் மண் பட்டிருந்தால் ஏற்பு ஊசி பற்றிக் கேளுங்கள்.

வைத்தியசாலையில் என்ன நடந்தது என்று கேட்பார்கள். "சைக்கிளில் விழுந்தேன்" என்பதோடு நிறுத்தாதீர்கள். "வேலையில் இருந்தபோது, பேக்கரிப் பாண் கொண்டு போகையில் விழுந்தேன்" என்று சொல்லி அதையே எழுதச் சொல்லுங்கள். பொலிஸ் முறைப்பாட்டிலும் அதே வசனம் இருக்கட்டும். நட்டஈடு கேட்கும் நாளில் உங்களுக்காகப் பேசப்போவது அந்த வசனம்தான். மோதிய வாகனம் இருந்தால் இலக்கத்தைக் குறியுங்கள். வீதியில் காயப் போட்ட நெல்லில் சறுக்கினீர்களா, அதை அள்ளுமுன் படம் எடுக்கச் சொல்லுங்கள். பெட்டியும் படத்தில் தெரிய வேண்டும். முதலாளிக்கு அன்றே எழுத்தில் தகவல் அனுப்புங்கள். சம்பளத் துண்டு தராத இடமென்றால், "இன்றைக்கு எத்தனை இறாத்தல் பாண்" என்று அவர் அனுப்பிய பழைய தகவல்களை அழிக்காதீர்கள். நீங்கள் அங்கு வேலை செய்ததற்கு அவையும் சான்று.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம், வேலையால் வேலை நேரத்தில் நேர்ந்த காயத்துக்கு முதலாளியைப் பொறுப்பாக்குகிறது. வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தையும் 2022 திருத்தம் சேர்த்துக்கொண்டது. கோரிக்கையை 2 ஆண்டுகளுக்குள் நட்டஈட்டு ஆணையாளரிடம் வைக்க வேண்டும். வழி தெரியாவிட்டால் மட்டக்களப்புத் தொழில் அலுவலகத்தில் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கம் வேண்டாம்.

வைத்தியச் செலவென்று ஐயாயிரத்தைத் தந்து, "இனி ஒன்றும் கேட்க மாட்டேன்" என்று கையெழுத்துக் கேட்பவர்களும் உண்டு. காசை வாங்கலாம். அந்தத் தாளில் கையெழுத்திட வேண்டாம்.