உற்றுப் பார்க்கும் பிள்ளையிடம் செய்யக் கூடாதவை

பெங்களூரில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் சிறப்பாசிரியர் நான். அல்சூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் நிறைய வருவார்கள். பயிற்சிக்கு வரும் புதிய ஆசிரியர்கள், நாங்கள் அந்தக் காலத்தில் சறுக்கிய இடங்களிலேயே சறுக்குகிறார்கள். திட்டக் கூடாது, அடிக்கக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். தெரியாதவற்றைச் சொல்கிறேன்.

முகவாயைப் பிடித்துத் திருப்புவது

"கண்ணைப் பாரு" என்று முகத்தைத் திருப்பி, ஐந்து எண்ணும்வரை பார்த்தால் ஒரு மிட்டாய். இன்றும் இப்படித்தான் பழக்குகிறார்கள். எனக்கு ஆத்திரம் அடங்காதது இதில்தான்.

பிறர் கண்ணைப் பார்ப்பது வலி போலவே இருக்கிறது என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். 2017-இல் வெளியான ஒரு மூளை ஸ்கேன் ஆய்விலும், முகங்களின் கண்பகுதியை மட்டும் பார்க்க வைத்தபோது ஆட்டிசம் உள்ளவர்களுடைய மூளையின் ஆழத்தில் உள்ள சில பகுதிகள் அளவுமீறித் தூண்டப்பட்டது தெரியவந்தது. பார்வையை விலக்கிக்கொண்டால்தான் பல பிள்ளைகளுக்கு நாம் பேசுவது மனதில் ஏறுகிறது.

இந்தப் பழக்கத்தின் விலை பிள்ளை வளர்ந்த பிறகு தெரியும். பதினைந்து வயதுப் பையன் ஒருவன், சின்ன வயதில் வேறொரு மையத்தில் மிட்டாய்க்காகப் பார்க்கப் பழகியவன். பார்வையை எப்போது எடுக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மெட்ரோவில் எதிரே இருந்த பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். அவருடன் வந்தவர் சட்டையைப் பிடித்துவிட்டார். "பாருன்னு சொல்லிக் கொடுத்ததும் டீச்சருங்கதானே மிஸ், இப்போ பார்த்தா அடிக்க வராங்களே, அவன் என்னதான் பண்ணுவான்?" என்று கேட்டார் அவன் அம்மா.

பேசுகிறவர் பக்கம் உடம்பு திரும்பியிருந்தால் போதும், கண் எங்கே இருந்தாலும் சரி. வெளியிடங்களுக்கு மட்டும் ஒரு தெளிவான விதி கொடுங்கள்: மனதுக்குள் மூன்று எண்ணு, அப்புறம் ஜன்னலைப் பார். காரணத்தையும் சொல்லுங்கள்: "தெரியாதவரை ரொம்ப நேரம் பார்த்தால் அவர் பயந்துவிடுவார்." "மரியாதையாப் பாரு" என்றால் எத்தனை நொடி, எந்த இடம் என்று அவனுக்கு எப்படிப் புரியும்?

முறைக்கிறான் என்று எடுத்துக்கொள்வது

அநேகமாக உங்கள் ஜிமிக்கியையோ அசையும் உதட்டையோ பார்க்கிறான்.

ஃபேனை அணைத்துவிடுவது

சுற்றும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அதை அணைக்க வேண்டாம். அவன் இளைப்பாறுவது அதைப் பார்த்துத்தான்.

எல்லா வெறித்த பார்வையும் ஆட்டிசம் என்று விடுவது

இதில் தாமதம் கூடவே கூடாது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு நோய் மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. கைகால் இழுக்காத வலிப்பும் உண்டு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை சட்டென்று நின்று சில நொடிகள் வெறிக்கும். கூப்பிட்டாலும் தொட்டாலும் அசையாது. இமை படபடக்கலாம், உதட்டைச் சப்பலாம். பிடித்ததைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையோ, தோளைத் தொட்டால் பெரும்பாலும் சிணுங்கவாவது செய்யும். சந்தேகம் வந்தால் போனில் வீடியோ எடுங்கள், எத்தனை நொடி என்று குறித்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் உள்ள மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸ் போன்ற இடத்தில் நரம்பியல் மருத்துவரிடம் அதைக் காட்டி, ஈஈஜி (மூளையின் மின்னலைகளைப் பதியும் சோதனை) எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள்.